கடையநல்லூர்... தென்காசிக்குப் பக்கத்துல!

பொதிகை எக்ஸ்பிரஸ் தாம்பரம் தாண்டியதும் எதிர் பர்த்காரர் ஆரம்பித்தார்.

"சார் எது வரைக்கும்?"

"கடையநல்லூர்."

"அது எங்க சார் இருக்கு?"

"தென்காசிக்குப் பக்கத்துல."

"ஓ... குற்றாலம்!" என்று முகம் மலர்ந்தார். "சீசன் எப்படி? தண்ணி விழுதா?"

எனக்கு இது பழக்கம்தான். காலேஜில் சேர்ந்த அன்று, முதல் இன்டர்வியூவில், ஏன், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இதே வசனம்தான். சங்கரன்கோவில் என்றால் ஆடித்தபசு. புளியங்குடி என்றால் எலுமிச்சம்பழம். தென்காசி என்றால் கோபுரம். செங்கோட்டை என்றால் ரயில் போய் நிற்கிற இடம். இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒண்டிக்குடித்தனம் எங்கள் ஊர். இத்தனைக்கும் 2011 கணக்கெடுப்பில் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த நகராட்சி! அந்தத் தொண்ணூறாயிரம் பேரும் வெளியூர் போனால் "தென்காசிக்குப் பக்கத்துல" என்றுதான் சொல்கிறார்கள். (எங்கள் மாவட்டத்தின் பெயரே 2019 நவம்பரிலிருந்து தென்காசி என்று ஆகிவிட்டதால், இனிமேல் இதை மாற்ற வழியே இல்லை.)

நான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகவில்லை. கையெழுத்துப் போடப் போனேன்.

ஆச்சி பெயரில் இருந்த வயலை விற்க வேண்டும் என்று சித்தப்பா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மரக்கால் விதைப்பாடு. சென்னைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கிட்டத்தட்ட அரை ஏக்கர். "வில்லங்கம் போட்டாச்சு, வாரிசு சர்டிபிகேட் வாங்கியாச்சு, உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஒரு ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போயேன்டே" என்றார் போனில். அப்பா இல்லாததால் அவர் பங்குக்கு நான்தான் வாரிசு.

எனக்கும் ஆட்சேபணை ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேனே... கூடுவாஞ்சேரியில் வீட்டுக்காரி ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறாள். அட்வான்ஸுக்குப் பணம் வேண்டும். அந்த அபார்ட்மென்ட்டின் பெயரில் 'ஏரி' இருந்தது. "ஏரி எங்கப்பா?" என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன். அவன் கூச்சமே இல்லாமல் காலால் தரையைத் தட்டிக் காட்டினான்.

ராத்திரி தூக்கம் வராமல், பழைய புத்தகக் கடையில் வாங்கிப் பல மாதமாகப் படிக்காமல் வைத்திருந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினேன். கில்பர்ட் ஒயிட் என்கிற உதவிப் பாதிரியார், இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் செல்போர்ன் என்கிற தன்னுடைய சின்னக் கிராமத்தைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதி 1789-ல் போட்ட புத்தகம். ஊர் மண் எப்படி, மழை எப்படி, தகைவிலான் குருவி எப்போது வருகிறது, வளர்த்த ஆமை எப்போது மண்ணுக்குள் போகிறது... இதுதான் சமாசாரம். கொலை இல்லை, காதல் இல்லை. ஆனால் இரண்டு நூற்றாண்டாக அச்சில் இருக்கிறது! ஒரு தெரு, ஒரு சர்ச், ஒரு குன்று உள்ள ஊருக்கு அப்படி ஒரு யோகம்.

எங்கள் பக்கத்துக்கு யார் எழுதினார்கள்? 1881-ல் கால்டுவெல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். 1917-ல் பேட் என்கிற கலெக்டர் ஜில்லா கெஜட்டியர் போட்டார். மற்றபடி எங்கள் ஊர்களின் சரித்திரமெல்லாம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில்தான் இருக்கிறது. புல எண், பரப்பு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர். ஆமை பற்றி ஒரு வரி கிடையாது.

* * *

சங்கரன்கோவில் தாண்டியதும் வலதுபக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுவரை கரிசலும் பனையும் கருவேலமுமாக வந்த பூமி கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை பிடிக்கும். பாம்பகோவில் சந்தை என்று ஒரு ஸ்டேஷன் (பெயரைப் பார்த்து யாரும் பயந்து இறங்காமல் இருந்துவிட வேண்டாம், புளியங்குடிக்காரர்கள் இறங்குகிற இடம் அது). அதற்குள் மேற்கே மலை வந்துவிடும். தூரத்து மலை இல்லை. கையை நீட்டினால் பனியில் நனைந்துவிடும் போல இருக்கிற மலை.

எங்கள் ஊரின் பூகோளம் முழுக்க அந்த மலைதான். மேற்குத்தொடர்ச்சி மலைக்குச் செங்கோட்டை, ஆரியங்காவு பக்கம் ஓர் இடைவெளி இருக்கிறது. மாமியார் வீட்டுக் கதவிடுக்கு மாதிரி. அந்தப் பக்கம் கேரளாவில் ஆனி, ஆடியில் கொட்டுகிற மழையின் காற்றும் சாரலும் அந்த இடுக்கு வழியாக இந்தப் பக்கம் கசியும். அதனால் எங்களுக்கு ஆனியில் கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம் என்று இரண்டு மழை. முதல் மழைக்குக் கார் சாகுபடி, இரண்டாவதற்குப் பிசானம். ஒரு மழையை நம்பிக் கிடக்கிற கரிசல்காட்டு ஊர்களுக்கும் எங்களுக்கும் ரயிலில் கொஞ்ச நேரத் தூரம்தான். மாப்பிள்ளைக்குச் சம்பளத்தோடு கிம்பளமும் உண்டு என்பது மாதிரி ஒரு மிதப்பு இருக்கும் எங்கள் ஆட்களிடம்.

இன்னொன்று. எங்கள் ஊரில் சூரியன் அஸ்தமிக்காது. சாயங்காலம் மலைக்குப் பின்னால் போய்விடும், அவ்வளவுதான். அதற்கப்புறமும் கிழக்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் மட்டும் நிழலில் இருப்போம். சின்ன வயதில் இது எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் இறங்கினேன். விருதுநகர் - தென்காசி ரயில் பாதை 1927-ல் வந்தது. மீட்டர் கேஜ் போய் பிராட் கேஜ் வந்துவிட்டது. காற்று மட்டும் அதே காற்று.

கடையநல்லூர் என்று போர்டு இருக்கிறதே தவிர, அது ஓர் ஊர் இல்லை. மேலக்கடையநல்லூர், கிருஷ்ணாபுரம், முத்துகிருஷ்ணாபுரம், குமந்தாபுரம், பேட்டை, மாவடிக்கால் என்று பல ஊர்கள் கல்யாண போட்டோவுக்கு நெருங்கி நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி நிற்கின்றன. இதில் கிருஷ்ணாபுரத்துக்கு ஒரு தனி அவஸ்தை. இங்கே ஆஞ்சநேயர் கோயில் பிரசித்தம். ஆனால் சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரம், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் இருக்கிறது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் கிருஷ்ணாபுரத்தில் வந்து இறங்கி, "வீரபத்திரர் சிலை எங்கே?" என்று கேட்ட ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு, வடை மாலைக்குப் பணம் கட்டிவிட்டுப் போனார், பாவம்.

ஊர்ப் பெயருக்கு ஆச்சி ஒரு கதை சொல்வாள். முன்காலத்தில் பால் கறக்க மூங்கில் குழாய் வைத்திருப்பார்களாம். அதற்குக் கடையால் என்று பெயர். ஓர் இடையர் அதைக் கவிழ்த்து வைத்த இடத்தில் லிங்கம் முளைத்ததாம். அவர்தான் கடகாலீஸ்வரர். அந்தக் கடையால்தான் கடையநல்லூர் ஆனது. "நெசமா ஆச்சி?" என்றால், "பின்ன... கோயில் நிக்குதுல்லா?" என்பாள். ஆச்சியின் லாஜிக்கை எந்த வக்கீலாலும் உடைக்க முடியாது.

* * *

சித்தப்பா வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது புதுசாக இருந்தது.

"முட்டு தேஞ்சுபோச்சுங்கான் டாக்டர். ஆபரேஷன் பண்ணணுமாம். வாடே, முதல்ல குளி."

இட்டிலி, சொதி. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ரெண்டு வையி" என்று எனக்காக அவளே சொல்லி அவளே வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் மஞ்சள் பையிலிருந்து காகிதங்கள் வந்தன. பட்டா நகல், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, மேலே ஒரு நீலப் பேனா.

"நிதானமாப் படிச்சுட்டுப் போடு. பி.காம். படிச்சவன், உனக்குத் தெரியாததா?"

பி.காமில் நான் உருப்படியாக ஞாபகம் வைத்திருப்பது ஒரே ஒரு விஷயம். அக்கவுன்ட்ஸ் வாத்தியார் தேய்மானம் நடத்தும்போது மேஜையைத் தட்டிச் சொன்னது: "மிஷினுக்குத் தேய்மானம் உண்டு. கட்டடத்துக்கு உண்டு. நாற்காலிக்கு உண்டு. நிலத்துக்கு மட்டும் கிடையாது!" பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன், "வாத்தியாருக்கு உண்டா சார்?" என்று கேட்டு வெளியே போனான்.

"படிக்கதுக்கு முன்னால வயலைப் பாத்துட்டு வந்துருதேன் சித்தப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"பாரேன். நீ பாத்துப் பத்து வருஷம் இருக்குமே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

வயலுக்குக் குளத்தங்கரை மேலேயே நடந்து போக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஏரி என்று சொல்ல மாட்டோம், எவ்வளவு பெரிதானாலும் குளம்தான். குளத்துக்குத் தண்ணீர் கருப்பாநதியிலிருந்து வருகிறது. நதி என்று பெயர்தானே தவிர, தாண்டிக் குதிக்கிற ஆறு. அதற்கு மலையடிவாரத்தில் ஓர் அணை, உயரம் 72 அடி. மழைக்காலத்தில் பேப்பரில் அணை நிலவரம் போடுவார்களே, பாபநாசம், மணிமுத்தாறு என்று பெரிய பெரிய பெயர்களுக்குப் பிறகு கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று பொடி எழுத்தில் வரும். அந்தப் பொடி எழுத்தில் மூன்றாவது ஆள் எங்கள் ஆள். சென்னையில் நான் பேப்பர் வாங்கினால் முதலில் பார்ப்பது அதைத்தான். கிரிக்கெட் ஸ்கோர் அப்புறம்.

அணையிலிருந்து வருகிற தண்ணீர் ஒரு குளத்தை நிரப்பும். அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். அதற்கப்புறம் அடுத்தது. சம்பளக் கவர் பெரிய அண்ணனிடமிருந்து கடைசித் தம்பி வரை கைமாறி வருகிற மாதிரி. கடைசியில் மிச்சத் தண்ணீர் சிற்றாற்றுக்குப் போய், சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடும். பொதிகை மலையில் பிறந்ததாகப் பெருமை அடித்துக்கொள்கிற தாமிரபரணியில் எங்கள் ஊர்த் தண்ணீரும் ஒரு செம்பு உண்டு என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்தத் தண்ணீரை வைத்துத்தான் சண்டை, சமாதானம், ராஜாங்கம் எல்லாமே. ஊருக்கு வடக்கே சொக்கம்பட்டி ஜமீன். அதற்கு முந்தி வடகரைப் பாளையம் என்று பெயர். 1750-களில் ஆற்காட்டு நவாப்புக்கு வரி கட்ட மாட்டேன் என்று பூலித்தேவர் நெற்கட்டும்செவலில் நின்றாரே, அந்தக் காலத்து மேற்குப் பாளையங்களில் இதுவும் ஒன்று. தெற்கே செங்கோட்டையோ திருவிதாங்கூர் ராஜாவுக்குச் சொந்தம். 1956 நவம்பர் 1-ம் தேதிதான் அது தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதாவது எங்கள் தாத்தா சந்தைக்குப் போய் வருவதற்குள் ஜமீன், வெள்ளைக்காரன், மகாராஜா என்று மூன்று ஆட்சியின் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்திருப்பார். நான் கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குப் போய் வருவதற்குள் மூன்று டோஸ்தான் வாங்க முடிகிறது.

குளத்து மடையிலிருந்து நாலாவது வயல் எங்களுடையது. பக்கத்து வயலில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. அதற்கடுத்த வயலிலும். தார் போடாத ரோடு ஒன்று வரப்புகளின் மேல் ஏறிப் படுத்திருந்தது. எங்கள் வயலில் மட்டும் ஒரு மூலையில் நாற்று, பச்சைக் கைக்குட்டை விரித்த மாதிரி.

குத்தகைக்குப் பயிர் வைக்கிற அண்ணாச்சி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க தம்பி. கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"போடுததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிருங்க. நாத்துப் பாவி இருவது நாளாச்சு. இன்னும் அஞ்சு நாள்ல பறிச்சு நடணும். நடவா வேண்டாமான்னு தெரிஞ்சா, ஆளு சொல்லாம இருப்பேன். இல்லன்னா நாத்தை வேற ஆருக்காச்சும் குடுத்துருவேன். நாத்துக் காத்திருக்காது பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். விற்காதீர்கள் என்று சொல்லவில்லை. கண்ணைக் கசக்கவில்லை. சினிமாவில் என்றால் இந்த இடத்தில் பாட்டு வந்திருக்கும்.

மடையில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. நேற்று மலையில் இருந்த தண்ணீர்.

* * *

திரும்பும்போது பேட்டைத் தெருவில் 'சிங்கப்பூர் மாமா' திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் அப்பாவே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். நாங்களும் மாமா. எண்பத்தைந்தைத் தாண்டியவர். சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா.

"தம்பி, உங்க தாத்தா ஜாடை அப்படியே. உள்ள வாங்க, டீ குடிக்கலாம்."

எங்கள் ஊரின் பாதிச் சரித்திரம் இந்தத் தெருக்களில் இருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு குழித்தறி. முஸ்லிம் நெசவாளர்கள். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து காலையிலிருந்து ராத்திரி வரை தறி அடித்தால்தான் சோறு. மில் துணி வந்தது. தறி படுத்தது. போதாததற்கு 1876-லிருந்து 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வேறு. ஆட்கள் கிளம்பினார்கள். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும்.

கிளம்பியது பெரிய விஷயமில்லை, தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் கிளம்பினார்கள். எப்படிக் கிளம்பினார்கள் என்பதுதான் எங்கள் ஊரின் விசேஷம். கடற்கரை ஊர் மரைக்காயர்கள் ஆண்கள் மட்டும் போய், சம்பாதித்துத் திரும்புவார்கள். கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மலையடிவாரத்தில் இருந்து கடலையே பார்க்காத ஜனங்கள், குடும்பத்தோடு கப்பல் ஏறினார்கள்! 1926-ல் கட்டிய ரஜுலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. அடுத்த வருஷமே ஊருக்கு ரயிலும் வந்துவிட்டது.

போய் இறங்கிய இடம் தஞ்சோங் பகார். மலாய் மொழியில் தஞ்சோங் என்றால் முனை, பகார் என்றால் வேலி. துறைமுகத்தை ஒட்டிய பகுதி. ஆண்களுக்குத் துறைமுகத்தில் வேலை. பெண்களும் சும்மா இருக்கவில்லை.

"எங்கம்மா மிளகாய் அரைச்சா தம்பி" என்றார் மாமா. "மிளகாய், மல்லி, மஞ்சள்... அம்மியில அரைச்சு உருண்டை உருண்டையா வச்சு மார்க்கெட்டுல விப்பா. மலாய்க்காரங்க, சீனாக்காரங்க எல்லாம் வாங்குவாங்க. கை எப்பவும் எரியும். ராத்திரி எங்களுக்குச் சோறு ஊட்ட மாட்டா. ஊட்டினா எங்க வாய் எரியும்ல. அக்காதான் ஊட்டும்."

கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1941-ல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஊர் பெயரில் சங்கம்! (தென்காசிக்குப் பக்கத்துல என்று போர்டு வைக்கவில்லை, கவனிக்கவும்.) தொடங்கி மூச்சு விடுவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. மூன்றரை வருஷம். மாமாவுக்கு அப்போது நாலைந்து வயது. மரவள்ளிக்கிழங்கு தவிர வேறு எதுவும் நினைவில்லை என்கிறார். இன்றைக்கும் அவர் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வாங்குவதில்லை.

யுத்தம் முடிந்து ஜனங்கள் நிமிர்ந்து பார்த்த 1946-ல் அந்தச் சங்கம் முதல் காரியமாக என்ன செய்தது தெரியுமா? ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது. உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எங்கள் சீமையின் எட்டயபுரத்துக்காரர். மூட்டை தூக்கிய காசிலும் மிளகாய் அரைத்த காசிலும், கடலுக்கு அந்தப் பக்கம், பழைய திருநெல்வேலிச் சீமைப் புலவர் பெயரில் ஒரு பள்ளி. பிற்பாடு உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982-ல் மூடப்பட்டது. ஆனால் பெயர் போகவில்லை. சிங்கப்பூரில் தமிழ் சொல்லித்தருகிற உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையம் இன்றும் இருக்கிறது.

"நான் அந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சவன்" என்று சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார் மாமா. இரண்டு பேனாவுக்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

எழுந்திருக்கும்போது கேட்டேன். "அம்மா சேத்த பணத்தை என்ன மாமா பண்ணுனாங்க?"

"என்ன பண்ணுவா? ஊருக்கு அனுப்பி வயல் வாங்கினா. உங்க வயலுக்கு மேக்க, மஞ்சக் கல்லு நட்டிருக்கே, அது எங்கம்மா வாங்குனதுதான். போன மாசம் பேரன்மார் வித்துட்டானுங்க." குரலில் கோபம் இல்லை. "அவனுங்களும் என்ன செய்வானுங்க? ஒருத்தன் துபாய்ல, ஒருத்தன் பெங்களூர்ல. வயலைத் தூக்கிட்டா போக முடியும்?"

அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் நின்றுதான் அரை மணி நேரம் முன்னால் நான் செல்ஃபி எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்பியிருந்தேன்.

* * *

சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சித்தப்பா மறுபடி பையைப் பிரித்தார்.

நான் ஒரு பிரசங்கத்துக்கே தயாராக வந்திருந்தேன். நெசவு, கப்பல், மிளகாய், தாமிரபரணி எல்லாம் சேர்த்து. ஆரம்பிக்கவும் செய்தேன். சித்தப்பா பொறுமையாகக் கேட்டார். முடித்ததும், "எல்லாம் சரிதான். நீ வந்து நடுவியாடே?" என்றார்.

அத்தோடு பிரசங்கம் முடிந்தது.

ஆச்சி கடைசி மூன்று வருஷம் படுக்கையில் கிடந்தபோது நான் மாதா மாதம் பணம் அனுப்பினேன். சித்தப்பா மலஜலம் எடுத்தார். தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்தவர் அவர். கூட்டுறவுச் சங்கத்துக் கடன் அவர் பெயரில் இருக்கிறது. முட்டு தேய்ந்தது அவருக்கு. "மாவட்டம் வந்துட்டு. கொல்லம் ரோட்டைப் பெருசா ஆக்கப் போறதாச் சொல்லுதாவ. இப்ப வித்தாத்தான் விலை" என்கிறார். திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற அந்த தேசிய நெடுஞ்சாலை ஊரின் நடுவாகத்தான் போகிறது. கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. நிலத்துக்குத் தேய்மானம் இல்லை என்று சொன்ன வாத்தியார், அதை உழுகிறவனின் முட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"சித்தப்பா, அண்ணாச்சி நாத்துப் பாவியிருக்காரு. கார் அறுப்பு முடியட்டும். புரட்டாசியில வந்து போட்டுருதேன்."

"பார்ட்டி ஒத்துக்கிடணுமே..."

"உங்க ஆபரேஷனுக்கு வேண்டியதை நான் இப்பவே அனுப்பிருதேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

சித்தப்பா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். உள்ளேயிருந்து சித்தி, "அவன் சொல்லுதது நல்லாத்தானே இருக்கு. நாத்தைப் பாவிட்டு மேய விடவா முடியும்?" என்றாள். அந்த வீட்டில் தீர்ப்பு எப்போதும் அடுப்படியிலிருந்துதான் வரும்.

நீலப் பேனா பைக்குள் போனது. கூடுவாஞ்சேரி ஃபிளாட்டுக்கான அட்வான்ஸ் அன்றைக்கே கைநழுவியது. அதை வீட்டுக்காரியிடம் எப்படிச் சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்பதெல்லாம் குடும்ப ரகசியம். பத்திரிகைக்கு வேண்டாம். புரட்டாசியில் கையெழுத்துப் போடுவேனா என்று கேட்காதீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ரயிலுக்குக் கிளம்பும்போது பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டிக் கொடுத்தாள் சித்தி. "நம்ம வயல் அரிசிடே. ரெண்டு தண்ணி கூட வச்சு வேக விடச் சொல்லு அவகிட்ட."

மூன்று வாரம் கழித்து, ஆபீஸ் ஒன்றில் கட்டுரைக்கான செக்குக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரே இரைச்சல்.

"ஹலோ... சித்தப்பா? கேக்கலை. எங்க இருக்கீங்க?"

"குளத்தங்கரையில நிக்கேன்டே. மெதுவா நடந்து வந்துட்டேன், அண்ணாச்சி கூட. நேத்து அணை நிரம்பிட்டு. மறுகால் பாயுது பாரு. இரு, பேசாத... போனைக் கீழ காட்டுதேன்."